அந்தக் கடற்கரையில ஒண்ணுமில்ல

மாமியார்: கிட்டக்க அழகா விழுது. தூரத்துல மட்டும் எங்க போய்த் தொலையுதுன்னு தெரியல.

மருமகள்: எது அத்தை?

மாமியார்: வெளிச்சம்தான். இந்தக் கைக்கண்ணாடியை ஜன்னல் வெயில்ல காட்டினா சுவத்துல பளிச்சுன்னு விழுதா... அதையே தூரமா திருப்பினா காணோம். பிடிச்சுப் பிடிச்சுப் பார்க்கிறேன், நழுவி நழுவிப் போகுது.

மருமகள்: சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன்னு உக்காந்துட்டு இதுதான் நடக்குதா?

மாமியார்: பொத்தான் எங்கயும் ஓடிடாது. கண்ணாடிக் கடையில இத்தனை வருஷமா குப்பை கொட்டுறியே, உனக்குத் தெரியுமா தெரியாதா?

மருமகள்: யார் மேல அடிக்கணும்?

மாமியார்: எதிர் மாடியில துணி காயப்போட வருவாளே, காது கேக்காதவ. கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வத்துது. மூஞ்சியில வெளிச்சம் அடிச்சா திரும்பிப் பார்ப்பால்ல?

மருமகள்: பார்ப்பா. பார்த்துட்டு சண்டைக்கும் வருவா.

மாமியார்: என் பையன் மட்டும் சண்டைக்கா வந்தான்? கடை வாசல்ல உக்காந்து அவன் கண்ணுல வெளிச்சம் அடிச்சே கவுத்தவதானே நீ.

மருமகள்: ஆரம்பிச்சாச்சா.

மாமியார்: தெருவுக்கு இந்தப் பக்கம் இவ மின்னுவாளாம். அந்தப் பக்கம் சைக்கிள் கடையில இருந்து அவன் மணி அடிப்பானாம். தெருவுக்கே தெரிஞ்சப்புறம்தான் பெத்தவளுக்குத் தெரிஞ்சுது. முகம் ஏன் வாடுது? கேலிதானேம்மா பண்ணினேன்.

மருமகள்: ஒண்ணுமில்ல. குடுங்க கண்ணாடியை. கேளுங்க, வெளிச்சம் எங்கயும் போய்த் தொலையல. போகப் போக அகலமாகுது, அவ்வளவுதான். இந்தச் சுவத்துல உள்ளங்கை அளவு இருக்கா? எதிர் மாடிக்குப் போறதுக்குள்ள ஒரு தாம்பாளம் அளவு ஆயிடும். இன்னும் ரொம்ப தூரம் போனா ஒரு வீடு அளவு. இருக்கிறது அதே வெளிச்சம்தான். அவ்வளவு அகலத்துக்கு அதைப் பூசினா வெளுத்துத்தானே போகும்? அதான் உங்க கண்ணுக்குத் தெரியல.

மாமியார்: அப்போ தூரத்துல நிக்கிறவங்களுக்கும் தெரியாதா?

மருமகள்: அங்கதான் விஷயமே இருக்கு. அந்த வெளுத்த வெளிச்சத்துக்குள்ள யார் நிக்கிறாங்களோ, அவங்க இந்தப் பக்கம் பார்த்தா கண்ணாடி ஒரு குட்டிச் சூரியன் மாதிரி தெரியும். காட்டுறவளுக்கு ஒண்ணும் தெரியாது. பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

மாமியார்: காட்டுறவளுக்குத் தெரியாதுன்னா, சரியாப் போகுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மருமகள்: அதுக்கு ஒரு வழி இருக்கு. கடைக்கு வந்த ஒரு படகுக்காரர் காட்டினார். கண்ணாடியைக் கன்னத்தோட ஒட்டிப் பிடிங்க. இன்னொரு கையை நேரா நீட்டுங்க. ரெண்டு விரலை விரிங்க... கவட்டை மாதிரி. இன்னும் கொஞ்சம். அந்தக் கவட்டைக்கு நடுவுல எதிர் மாடித் தண்ணித்தொட்டி தெரியுதா?

மாமியார்: தெரியுது.

மருமகள்: தொட்டியை நடுவுலயே வச்சுக்குங்க. இப்ப கண்ணாடியை மெதுவா ஆட்டி, வெளிச்சத்தை உங்க விரல் மேல கொண்டு வாங்க. தொட்டியைத் தேடாதீங்க. விரலைத் தேடுங்க.

மாமியார்: வந்துடுச்சு... ரெண்டு விரல் மேலயும் விழுது.

மருமகள்: முடிஞ்சுது. நடுவுல நழுவிப் போற வெளிச்சம் நேரா தொட்டி மேலதான் விழும். வேற எங்கயும் போக அதுக்கு வழியில்ல.

மாமியார்: அட. இவ்வளவுதானா? ஆனா... இங்க வெயில் கண்ணாடியில சிக்குது. அங்க எப்படித் திருப்பினாலும் சிக்கவே மாட்டேங்குதே?

மருமகள்: அங்கன்னா?

மாமியார்: அங்கதான்... மாடிப்படியில.

மருமகள்: மாடிப்படியில கறுப்பு மணல் கிடக்குதா?

மாமியார்: என்ன மணல்?

மருமகள்: கண்ணாடி சட்டத்து இடுக்கைப் பாருங்க. தார் ஒட்டின மணல். இந்த ஊர்ல அது ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு.

மாமியார்: ...ஒரு நாள் காத்து வாங்கப் போனேன்.

மருமகள்: அந்தக் கடற்கரைக்கா? அங்க வர்றதுக்குப் பேர் காத்தா? ஒரு பக்கம் சாக்கடை விழுது, ஒரு பக்கம் உடைஞ்ச சிமெண்ட் கல்லு. உக்காந்தா துணியில தார் ஒட்டும், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. நாய்கூட மூக்கைச் சுளிச்சுட்டுத் திரும்புற இடம். அங்க என்ன இருக்குன்னு போனீங்க?

மாமியார்: கடல் இருக்கு.

மருமகள்: கடல் வேணும்னா பாலத்துக்கு அந்தப் பக்கம் நல்ல கடற்கரை இருக்கு. உக்கார பெஞ்சு, விளக்கு, சுத்தமான மணல். சொன்னா நானே கூட்டிட்டுப் போக மாட்டேனா?

மாமியார்: அங்கேர்ந்து தெரியாது.

மருமகள்: என்ன தெரியாது?

மாமியார்: மணி என்ன ஆச்சு?

மருமகள்: பேச்சை மாத்தாதீங்க. பிரஷர் வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? இனிமே அந்தப் பக்கம் போகக் கூடாது. அங்க ஒண்ணுமில்ல.

மாமியார்: ஒண்ணுமில்லாத இடத்துக்கு ஒருத்தி போனா நீ ஏன் கண்ணாடியைப் பிடுங்கி வச்சுக்கிற?

மருமகள்: பிடுங்கல.

மாமியார்: கண்ணாடியைக் கீழ வை, உடைச்சுடப் போற. உன் புருஷன் இப்ப எங்க இருக்கான்?

மருமகள்: எத்தனை தடவை சொல்றது? நடுக்கடல்ல. அங்க டவர் கிடையாது, போன் பண்ண முடியாது.

மாமியார்: நாலு மாசமாவா?

மருமகள்: பெரிய கடல் அத்தை.

மாமியார்: சைக்கிள் கடையை விட்டுட்டு அவன் கப்பல் வேலைக்கு ஏறின அன்னிக்கு ஒரு போட்டோ அனுப்பினான். அதைப் பெருசாக்கி, கண்ணாடி போட்டு, இந்தச் சுவத்துல மாட்டினது நீதான். பொத்தான் தைக்கும்போதெல்லாம் நிமிர்ந்தா அதுதான் என் கண்ணு முன்னாடி நிக்குது. நீலக் கப்பல். புகைக்கூண்டுல சாய்வா ஒரு வெள்ளைக் கோடு.

மருமகள்: அத்தை, வேணாம்...

மாமியார்: அது நடுக்கடல்ல இல்ல. சாக்கடை முனையில நின்னா நேரா தெரியுது. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். உக்காரு. தண்ணி குடி. படகைப் பிடிச்சுக்கிட்டு ஓடிடாதே, நீ அப்படிச் செய்யற ஆளுதான்.

மருமகள்: எனக்குத் தெரியும்.

மாமியார்: என்ன தெரியும்?

மருமகள்: கப்பல் அங்க நிக்கிறது. உங்களுக்கு மாத்திரை மாத்தி எழுதினாங்களே, அந்த வாரமே தெரியும். அவரைக் கப்பலுக்கு அனுப்பின ஏஜென்ட் ஆபீஸ்ல போய் உக்காந்து அழுதேன், அப்புறம்தான் சொன்னாங்க. கப்பல் முதலாளி கையை விரிச்சுட்டானாம்.

மாமியார்: தெரிஞ்சுக்கிட்டேதானா நடுக்கடல், நடுக்கடல்னு எனக்குக் கதை சொன்ன?

மருமகள்: உங்களுக்குத் தெரிஞ்சுதான் நீங்களும் தலையாட்டிக்கிட்டு இருந்தீங்க?

மாமியார்: நீ ஒழுங்காச் சாப்பிட்டு வேலைக்குப் போய்ட்டு இருந்த. அதைக் கெடுப்பானேன்னு நினைச்சேன்.

மருமகள்: உங்க பிரஷர் இப்பதான் கொஞ்சம் இறங்கியிருக்கு. அதைக் கெடுப்பானேன்னு நானும் நினைச்சேன்.

மாமியார்: நல்ல குடும்பம்.

மருமகள்: ...எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

மாமியார்: உன் முன்னாடி அழக் கூடாதுன்னு அழறதுக்கு இடம் தேடினேன். இந்த ஊர்ல யாரும் எட்டிப் பார்க்காத இடம் அதுதானே. நல்லா அழுது முடிச்சு, மூக்கைச் சிந்திட்டு நிமிர்ந்தா... எதிர்ல நிக்குது. நம்ம சுவத்துல இருக்கிறது அப்படியே தண்ணி மேல நிக்குது. ஏம்மா, இவ்வளவு கிட்ட நிக்கிறான். ஒரு படகு போட்டா வந்துடலாம். ஏன் இறக்கி விட மாட்டேங்குறாங்க?

மருமகள்: கப்பல்ல ஆளே இல்லாம விட முடியாது அத்தை. காத்து பலமா அடிச்சா நங்கூரம் இழுத்துக்கிட்டே வரும். அப்ப யாராவது உள்ள இருந்து பார்த்துக்கணும். இல்லைன்னா கப்பல் கரையில மோதும், இல்லைன்னா இன்னொரு கப்பல்ல மோதும். அதனால மாத்து ஆள் ஏறினாத்தான் இவங்க இறங்கலாம். மாத்து ஆளுக்குச் சம்பளம் முதலாளி தரணும். முதலாளி எங்க?

மாமியார்: போனாவது பண்ணலாம்ல?

மருமகள்: டீசல் தீர்ந்துடுச்சு. விளக்கே இல்ல, சார்ஜ் எங்க போடுறது? அரிசியும் தண்ணியும் மட்டும் எப்பவாவது ஒரு படகுல போகுது. அதுல ஒரு கடிதாசி குடுத்து விட்டேன். வாங்கி வச்சுக்கிட்டாங்க. போய்ச் சேர்ந்துதான்னு கேட்டா, பார்க்கலாம்மா, பார்க்கலாம்மாங்குறாங்க.

மாமியார்: வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு, வாசப்படி ஏற முடியாம நிக்கிறான்.

மருமகள்: அழாதீங்க.

மாமியார்: அழல. எனக்கு அந்த விரல் வித்தையை இன்னொரு தடவை காட்டு. இன்னிக்கு உனக்கு லீவு, இல்லாட்டி நான் இந்நேரம் அங்க போயிருப்பேன்.

மருமகள்: தினமும் சாயங்காலமாவா போறீங்க?

மாமியார்: நீ கடையில இருக்கிற நேரம் அதுதானே.

மருமகள்: சாயங்காலம் நடக்கவே நடக்காது அத்தை. வெயில் ஏன் சிக்கலன்னு கேட்டீங்கள்ல, இதான் காரணம். சாக்கடை முனையில கடலைப் பார்த்து நிக்கிறீங்க. சூரியன் எங்க இருக்கு?

மாமியார்: பின்னாடி. முதுகு சுடும்.

மருமகள்: முதுகுல அடிக்கிற வெயிலைக் கண்ணாடி எப்படி முன்னாடி அனுப்பும்? கடல் பக்கம் திருப்பினா வெயில் கண்ணாடி மேல படாது, முதுகுலதான் படும். வெயில் பக்கம் திருப்பினா வெளிச்சம் ஊருக்குள்ள போகும். ரெண்டுக்கும் நடுவுல, கிட்டத்தட்ட படுக்கப் போட்டாப்ல பிடிக்கணும். அப்பவும் வழுக்கிக்கிட்டு ஏதோ கொஞ்சம் போகும். அதையும் உங்க தலையே மறைச்சுடும். வெயிலும் பார்க்கிற ஆளும் ஒரே பக்கம் இருந்தாத்தான் கண்ணாடி வேலை செய்யும்.

மாமியார்: அப்போ காலையில போகணும். சூரியன் கடல் மேல இருக்கும்.

மருமகள்: ...ஆமா.

மாமியார்: நாளைக்கு விடிஞ்சதும் போறேன்.

மருமகள்: வேணாம்.

மாமியார்: ஏன்?

மருமகள்: வெளிச்சம் போகும். போய் ஒரு பிரயோஜனமும் இல்ல.

மாமியார்: உனக்கு எப்படித் தெரியும்?

மருமகள்: தெரியும். விடுங்க.

மாமியார்: விட மாட்டேன். தினம் காலையில பால் வாங்கப் போறேன்னு போறியே, பால் கடை என்ன கடலுக்குள்ளயா இருக்கு? வாசல் மிதியடியை உதறினா கறுப்பு மணலாக் கொட்டுது. நான் கொண்டு வந்ததுதான் போலன்னு பயந்து பயந்து உதறினேன். நான் போறதே சாயங்காலம்தானே, காலையில மணல் எப்படி வந்துச்சு? சொல்லுடி.

மருமகள்: கடையில வெட்டி மிஞ்சின துண்டு ஒண்ணு இருக்கு. முழங்கை நீளம். அதை எடுத்துட்டுப் போறேன். மூணு தடவை காட்டுவேன். நிறுத்துவேன். திரும்ப மூணு. கை வலிக்கிற வரைக்கும்.

மாமியார்: அதென்ன மூணு?

மருமகள்: அப்ப வச்சிருந்த கணக்கு. கடை வாசல்ல இருந்து நான் மூணு மின்னினா, கடையை விட்டு வெளிய வந்துட்டேன்னு அர்த்தம். அவர் ரெண்டு மணி அடிச்சா, பார்த்துட்டேன், இரு வரேன்னு அர்த்தம். மூணுக்கு எப்பவும் ரெண்டுதான் பதில். கப்பல்ல மணி அடிச்சா கேக்காது, ஆனா அங்கயும் கண்ணாடி இருக்குமே. தகரமாவது இருக்குமே. ரெண்டு தடவை மின்ன எவ்வளவு நேரம் ஆகும்?

மாமியார்: ரெண்டா...

மருமகள்: வரல அத்தை. ஒரு நாள்கூட வரல. என் வெளிச்சம் கப்பல் மேல விழுதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும், விரல்ல பார்த்துத்தான் அடிக்கிறேன். வெளிச்சம் விழுது. பதில் இல்ல.

மாமியார்: தூங்கியிருப்பான்...

மருமகள்: தினமுமா? இன்னும் ஒண்ணு இருக்கு. அதைச் சொன்னா நீங்க...

மாமியார்: சொல்லு. மாத்திரை போட்டாச்சு, சொல்லு.

மருமகள்: போன வாரம் ஏஜென்ட் ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. ராத்திரி ஒருத்தன் கடல்ல குதிச்சுட்டானாம். பொறுக்க முடியாம. யாருன்னு கேட்டேன். எங்களுக்கே தெரியாதும்மா, எழுதி வந்தாத்தான் தெரியும்னாங்க. அன்னையில இருந்து காலையில போய் நிக்கிறேன். கண்ணாடியைத் தூக்கவே பயமா இருக்கு. தூக்கினாத்தானே பதில் இல்லைன்னு தெரியும். இருந்தும் தூக்குறேன். இல்ல. அதனாலதான் சொல்றேன், அந்தக் கடற்கரைக்குப் போகாதீங்க. அங்க போனா அந்தக் கப்பலைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதைப் பார்த்துட்டு வீட்டுக்கு நடந்து வரணும். அதுக்கு நான் ஒருத்தி போதும்.

மாமியார்: ஏம்மா... இந்த ஆபரேஷன் பண்ணின கண்ணு இருக்கே, இதுல வெயில்ல எதைப் பார்த்தாலும் ஓரத்துல ஏதாவது மின்னும்தானே?

மருமகள்: மின்னும். டாக்டர்தான் சொன்னாரே. இப்ப எதுக்கு அது?

மாமியார்: அதுவாத்தான் இருக்கும்னு நானும் இருந்தேன். அந்தக் கண்ணைப் பொத்திக்கிட்டு மத்த கண்ணால பார்த்தேன். அதுல கப்பலே சரியாத் தெரியல. ஆனா மின்னுச்சு.

மருமகள்: எது மின்னுச்சு?

மாமியார்: கப்பல் பின்பக்கம். வெள்ளைக்கோட்டுக்குக் கீழ. பளிச், பளிச்னு... அப்புறம் நிக்கும். திரும்ப பளிச், பளிச். நான் உன்கிட்ட கண்ணாடி வித்தை கேட்டதே அதுக்குத்தான். எதுவா இருந்தாலும் திருப்பி ஒரு வெளிச்சம் காட்டிட்டு வந்துடலாமேன்னு.

மருமகள்: எப்போ? அத்தை, எப்போ பார்த்தீங்க?

மாமியார்: சாயங்காலம்தான். கொஞ்ச நாளா.

மருமகள்: போன வாரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?

மாமியார்: நேத்துகூட வந்துச்சே.

மருமகள்: நேத்து...

மாமியார்: ஜன்னலா இருக்கும்னு நினைச்சேன். ஜன்னல் கண்ணாடியும் வெயில்ல மின்னும்ல?

மருமகள்: ஜன்னல்னா ஒரு தடவை மின்னி, சூரியன் நகர நகர மங்கிடும். கப்பல் ஆடினா கணக்கில்லாம மினுக்கும். ரெண்டு மின்னி, நிறுத்தி, ரெண்டு மின்ன ஜன்னலுக்குக் கை ஏது? தினமும் வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏதாவது ஒரு நாள் வராம இருந்துச்சா?

மாமியார்: மேகம் போட்ட அன்னிக்கு வரல. அப்புறம்... நீ ஜுரத்துல எழுந்திரிக்க முடியாம படுத்திருந்தியே, அப்பவும் வரல. நல்ல வெயில்தான். கண்ணு சரியாயிடுச்சு போலன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். நீ எழுந்து வேலைக்குப் போன அன்னிக்குத் திரும்ப மின்னுச்சு. என்னம்மா? ஏன் இப்படிப் பார்க்கிற?

மருமகள்: ஜுரத்துல படுத்த அன்னிக்கு நான் மூணு காட்டப் போகல. அத்தை, கப்பல்ல நின்னுக்கிட்டு நம்ம கரையைப் பாருங்க. காலையில சூரியன் எங்க இருக்கும்?

மாமியார்: நமக்கு முன்னாடி இருக்கும். அவனுக்கு...

மருமகள்: சொல்லுங்க.

மாமியார்: முதுகுல.

மருமகள்: முதுகுல. காலையில அவரால பார்க்கத்தான் முடியும். பதில் காட்ட முடியாது. தலைகீழா நின்னாலும் முடியாது. நான் மூணு காட்டிட்டு, அங்கேயே நின்னு ரெண்டை எதிர்பார்த்திருக்கேன். வரலன்னு திரும்பி வந்திருக்கேன். அவர் சூரியன் இந்தப் பக்கம் சாயற வரைக்கும் காத்திருந்து பதில் சொல்லியிருக்கார். நான் அந்நேரம் கடையில உக்காந்து எவனுக்கோ கண்ணாடி வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

மாமியார்: பார்த்தவ நான். கண்ணைக் கசக்கிட்டு வந்திருக்கேன்.

மருமகள்: கண்ணாடியில பொழைக்கிறவ அத்தை நான். வெயில் எனக்கு எங்க அடிக்குதுன்னு பார்த்தேன். எதிர்ல நிக்கிறவருக்கு எங்க அடிக்கும்னு ஒரு நாள்கூட யோசிக்கல.

மாமியார்: இப்ப அழறது யாரு?

மருமகள்: நான்தான். இருங்க.

மாமியார்: அப்ப குதிச்சது அவன் இல்ல.

மருமகள்: அவர் இல்ல. வேற வீட்டுப் பிள்ளை.

மாமியார்: ...அந்தத் தாய்க்கு யார் சொன்னாங்களோ. நம்ம பையனை இறக்கி விடுவாங்களா?

மருமகள்: தெரியாது. நாளைக்குக் கேட்டாலும் பார்க்கலாம்மான்னுதான் சொல்வாங்க. டீசல் வராது, முதலாளி வர மாட்டான். அதெல்லாம் அப்படியேதான் இருக்கும்.

மாமியார்: வெயில் இறங்குது. கண்ணாடியை எடுத்துக்கவா?

மருமகள்: இப்ப கண்ணாடி வேணாம். பழைய செருப்பாப் போடுங்க, தார் ஒட்டும்.

மாமியார்: அப்ப எது வேணும்? தெளிவாச் சொல்லு, நான் தப்பாச் செஞ்சுடப் போறேன்.

மருமகள்: காலையில வெயில் நம்ம பக்கம், அதனால நான் போய் மூணு காட்டுறேன், அவர் பார்ப்பார். சாயங்காலம் வெயில் அவர் பக்கம், அவர் ரெண்டு காட்டுவார், நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து என்கிட்ட சொல்லணும். இன்னிக்கு மட்டும் நானும் வரேன்.